டெலிபோன் வைத்திருப்பவர்

மூன்று நாள் மழையில் டாலிகஞ்ச் கால்வாய் பொங்கி, சந்துக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பன்னீர்செல்வம் வாசற்படியில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். எதிர் வரிசை மாடி வீட்டிலிருந்து சந்தானம் ஒரு கையில் வேட்டியையும் மறு கையில் குடையையும் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தார். பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக் குடும்பம் என்றாலும் அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தாதான்.

"பன்னீர், உம்ம வீட்டு ஃபோன் யார் பேர்ல இருக்கு?"

"எம் பேர்லதான் சார். இன்னா, பில்லு எதுனா மாறி வந்துட்ச்சா?"

"அதில்லை. இந்த வருஷ ரிட்டர்ன் போட்டுட்டீரா? முப்பத்தொண்ணாம் தேதி கடைசி."

"இன்னா ரிட்டர்னு?"

"இன்கம் டாக்ஸ்."

பன்னீர்செல்வம் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க சார். எனுக்கு வர்ற பென்சனுக்கு டாக்ஸ் வேறயா?"

"வரி கட்ட வேண்டாம். ரிட்டர்ன் மட்டும் போடணும். சொந்த வீடு, காரு, கிளப்பு, கிரெடிட் கார்டு, ஃபாரின் பிரயாணம், டெலிபோன். இந்த ஆறுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே, எனக்கு இவ்வளவுதான் வருமானம்னு எழுதிக் கொடுத்துடணும். சட்டம் வந்து மூணு வருஷம் ஆச்சு. நீர் போட்டுண்டிருப்பீர்னு நெனைச்சேன்."

"போடலன்னா?"

"அபராதம் போடலாம். நோட்டீஸ் வரலாம். ஒரே ஒரு தாள்தான் ஓய். பயப்பட ஒண்ணுமில்லை."

பன்னீர்செல்வத்தின் கையில் இருந்த செங்கல் அப்படியே நின்றது. நோட்டீஸ் என்ற வார்த்தைக்குப் பிறகு சந்தானம் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அவர் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஜோலார்பேட்டையிலிருந்து இருபது வயதில் வந்தார். எழுபத்து நாலு வேலைநிறுத்தத்தின்போது யூனியன் ஆபீசில் யாரோ நீட்டிய தாளில் பத்தோடு பதினொன்றாகக் கையெழுத்துப் போட்டார். பத்தாம் நாள் விடிகாலையில் போலீஸ்காரர்கள் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டி அழைத்துப் போனார்கள். எட்டு மாதம் வேலை இல்லை. கல்யாணமாகி ஆறே மாதமான மனைவி பாப்பா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சோறு போட்டாள். வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தப் பயம் போகவில்லை. கையெழுத்துப் போடுகிற எந்தக் காகிதமும் ஒருநாள் திரும்பி வந்து கதவைத் தட்டும் என்பது அவர் எண்ணம். மின்சார பில்லைக்கூட இரண்டு தரம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்.

உள்ளே பாப்பா கட்டிலின் மேல் புடவைகளைக் குவித்துவைத்து கீழ் ஓரத்துக்கு ஃபால் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கரியாஹாட் கடை ஒன்றிலிருந்து வாங்கி வருவாள். துர்கா பூஜைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தாலும் கடைக்காரர்கள் இப்போதே சரக்குச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். மழையில் கீழே எதையும் வைக்க முடியாது. துணி ஈரமானால் நஷ்டம் அவள் தலையில்தான் விழும்.

"பாப்பா, ஃபோன திருப்பிக் குட்த்துறலாம்."

"இன்னாது?"

"அத்த வெச்சிகினு இருந்தா இன்கம் டாக்ஸ்ல எழுதிக் குடுக்கணுமாம். நமக்கு எதுக்கு அந்த வம்பு? சரண்டர் பண்ணிட்டா வுட்டுது."

"பண்ணிட்டாப்ல அவங்க கேக்க மாட்டாங்களா?"

"ஃபோனே இல்லன்னா எதுக்குக் கேப்பாங்க?"

பாப்பா ஊசியை வேகமாக ஓட்டினாள். அவர் செருப்பைக் கழுவப் போன பிறகு பார்த்தால், ஒரு முழம் நீளத்துக்கு முந்தானைப் பக்கத்தில் ஃபால் வைத்துத் தைத்திருந்தாள். எல்லாவற்றையும் பிரித்தாள்.

அந்த டெலிபோனுக்கு மனுப் போட்டு ஆறு வருஷம் காத்திருந்தார்கள். வந்தபோது மகள் பூர்ணிமா காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வாங்கினது. மேலே போடும் குரோஷா விரிப்பும் அவள் பின்னியதுதான். படிப்பு முடிந்ததும் அவளைத் தன் அக்கா மகன் தினேஷ்குமாருக்குக் கொடுப்பதாகப் பன்னீர்செல்வம் வாக்குக் கொடுத்திருந்தார். ஜோலார்பேட்டையில் கல்யாணப் பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. அந்தச் சமயத்தில் ஒருநாள் பூர்ணிமா, இங்கே சினிமா ஸ்டூடியோவில் லைட் வேலை பார்த்த தேபாஷிஷ் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றாள். பன்னீர்செல்வம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரயிலேறித் தனியாக ஊருக்குப் போனார். அக்கா அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வாசலில் நிற்க வைத்து, "ஏன்டா தம்பி, உன் பொண்ணுக்குப் புடிக்கலன்னு ஒரு கார்டு போட்டிருந்தா நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். திரும்பி வந்தவர் அதன்பின் மகள் பேரைச் சொன்னதில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

தேபாஷிஷுக்கு ஜல்பாய்குரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்ப் பேச்சுக்குக் கட்டணம் பாதி. காலை எட்டரை மணிக்கு, அப்பா மீன் வாங்கப் போயிருக்கும் நேரத்தில், பூர்ணிமா பூத்திலிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். ஒன்றரை வருஷமாக இது நடந்துகொண்டிருந்தது. பன்னீர்செல்வத்துக்குத் தெரியாது.

மறுநாள் பாப்பா தைத்த புடவைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கரியாஹாட் போகும் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் சந்தானம் வீட்டு மாடிக்கு ஏறினாள். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி கதவைத் திறந்தாள்.

"வா பாப்பா. நனைஞ்சுட்டியே, துடைச்சுக்கோ. காபி குடிக்கறயா?"

"வேணாம் மாமி. சாரைப் பார்த்து ஒண்ணு கேக்கணும்." சந்தானம் எட்டிப் பார்த்ததும் நின்றுகொண்டே கேட்டாள். "சார், அந்த ஃபோன எம் பேருக்கு மாத்திகினு, நானே அந்த ரிட்டர்னு எழுதிக் குடுத்தா ஆவுமா? நானும்தான் தெச்சி சம்பாரிக்கறேன்."

"தாராளமா ஆகும். அடுத்த வருஷத்துக்கு. போன வருஷம் பன்னீர் பேர்ல இருந்துதே, அதனால இந்த வருஷம் அவர்தான் போடணும். இப்போ ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாலும் போட்டே ஆகணும். நேத்திக்கே சொன்னேன், அவர் காதுல வாங்கலை."

"அப்ப சரண்டர் பண்றதுல புண்ணியமே இல்லியா?"

"இந்த வருஷத்துக்கு ஒண்ணும் இல்லை."

அவர் உள்ளே போனதும் ஜெயலக்ஷ்மி மெல்லக் கேட்டாள். "பூர்ணிமா பேசறாளா?"

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீ சிரிக்கறது ஜன்னல் வழியா இங்கே வரைக்கும் கேக்கறதே. பன்னீரோட பேசினா அப்படிச் சிரிப்பு வருமா?"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "முழுகாம கீது மாமி. ஏழாவது மாசம். தோட்டத்துல மழைன்னா ரோடே அறுந்துபோவுதாம். ஃபோனும் இல்லன்னா நான் யார்கிட்ட போய் இன்னா ஆச்சின்னு கேப்பேன்?"

"அவர்கிட்டயே சொல்லிடேன்டி."

"பயமா கீது மாமி."

"அவருக்கு நோட்டீஸ்கிட்ட பயம். உனக்கு அவர்கிட்ட பயம். சொல்லிடு."

ஆனாலும் இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. சந்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. பன்னீர்செல்வம் மேஜையில் உட்கார்ந்து டெலிபோன் ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். பெரிய எழுத்தாக, பெயர்ப்பலகை எழுதுகிற மாதிரி எழுதுவார்.

"கட்சீயா கட்ன பில்லு எங்க வெச்ச?"

"குடுக்க வேணாங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? யாரு பேசறாங்க அதுல? ஊர்லருந்து ஒருத்தரும் பேசறதில்ல. எப்பனா ராங் நம்பரு வருது. அதுக்கு மாசா மாசம் வாடக கட்டிகினு, இப்ப கவர்மெண்டுக்கு எழுதி வேற குடுக்கணும்."

"பூர்ணிமா பேசுது."

அவர் பேனாவை எடுக்கவில்லை. கடிதத்தின் மேல் வைத்தபடியே இருந்தார். மை ஒரு புள்ளியாகப் பரவியது.

"ஞாயித்துக்கெழம பேசுது. ஒன்றர வருசமா."

"ஞாயித்துக்கெழம நா வூட்லதான கீறேன்?"

"எட்டரைக்கு நீங்க மீனு வாங்கப் போவீங்க இல்ல?"

வெளியே யாரோ சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"டாலிகஞ்ச் மார்க்கெட்லயே மீனு கீது," என்றார். "ஒனுக்கு கரியாஹாட் மீனுதான் வோணும்னு சொன்ன."

"ஆமா."

"பாப்தா மீனுதான் வோணும், அங்கியே சுத்தம் பண்ணி எட்த்துகினு வாங்கன்னு சொன்ன."

"சுத்தம் பண்ண நேரம் ஆவும்னுதான்."

"நா இன்னா நெனச்சேன் தெரியுமா? இத்தினி வருசமா மீனுன்னா மூக்க மூடினு இருந்தவ, வயசான காலத்துல வாய் தொறந்து ஒண்ணு கேக்கறாளேன்னு, மழையில்ல வெயிலில்ல, ஆட்டோ புட்ச்சிப் போய், நல்லதாப் பொறுக்கி..."

"எனுக்கு அந்த மீனு புடிக்காதுங்க. வழவழன்னு கீது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று பாப்பா எதிர்பார்த்தாள். வரவில்லை. ஏமாந்துபோன சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

"முழுகாம கீது. ஏழாவது மாசம்."

பன்னீர்செல்வம் எழுந்து வாசலுக்குப் போனார். தாமே அடுக்கிய செங்கல் மேல் ஏறி நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "சோறு போடு" என்றார். பூசணிக்காய்க் குழம்பும் பொரித்த அப்பளமும். சாப்பிட்டார். கை கழுவினார். எழுதிய கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போஸ்ட் ஆபீசுக்குத்தான் போகிறார் என்று பாப்பா நினைத்தாள். தையலில் கை ஓடவில்லை. கடிதம் போட்ட உடனே கம்பியை வெட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. குரோஷா விரிப்பைத் தூக்கி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ரீங்காரம் கேட்டது. வைத்தாள். கால் மணி கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் அச்சடித்த தாள் ஒன்று.

"சந்தானம் சாரு ஃபாரம் குட்த்தாரு. பென்சன் புக்க எடு. நாளைக்கிக் காலையில எழுதணுமாம்."

அவ்வளவுதான் சொன்னார். மகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பாப்பா பென்சன் புத்தகத்தை எடுக்கப் போனாள்.

அடுத்த நாள் காலை இருவரும் சந்தானம் வீட்டுக்குப் போனார்கள். ஜெயலக்ஷ்மி அடை வார்த்துப் போட்டாள். சந்தானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். பேர், தகப்பனார் பேர், பிறந்த தேதி.

"பொறந்த தேதி பள்ளிக்கூடத்துல போட்டதா, நெசமானதா சார்?"

"சர்வீஸ் புக்ல என்ன இருக்கோ அது."

"அது பொய்யி சார். ரெண்டு வருசம் கூட்டிப் போட்டுட்டாரு வாத்தியாரு."

"கவர்மெண்டு பொய்யைக் கவர்மெண்டுக்கே எழுதிக் கொடுக்கறோம். பரவாயில்லை. டெலிபோன் இருக்கான்னு கேட்டிருக்கான். நம்பர் சொல்லும்."

பன்னீர்செல்வம் வாய் திறப்பதற்குள் பாப்பா ஏழு இலக்கங்களையும் வரிசையாகச் சொன்னாள். அவளுக்குக் கடையில் கொடுக்கும் துண்டுச் சீட்டைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும்.

வருமானக் கட்டத்தில் பென்சனை எழுதி முடித்ததும் பன்னீர்செல்வம் கையைத் தூக்கினார். "சார், இவ ஃபால் தெச்சி வர்றதையும் எழுதிடுங்க. பின்னால மறச்சிட்டேன்னு வரக்கூடாது."

"அது உம்ம வருமானத்துல சேராது ஓய். அவங்க உழைச்சுச் சம்பாதிக்கறது அவங்களோடது. சட்டத்துக்கு முன்னால அவங்க தனி ஆள்."

பாப்பா அடைத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நெசமாவா சார்?"

"நெசமாத்தான்."

"இவுருக்கு வேல இல்லாத அந்த எட்டு மாசம் கவர்மெண்டுக்குத் தெரியலியே, இத்த," என்றாள். பன்னீர்செல்வம் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் உறுதிமொழி. சந்தானம் அதை வாசித்துத் தமிழில் சொன்னார். 'மேலே கண்டவை யாவும் எனக்குத் தெரிந்த வரையில் உண்மை, எதையும் மறைக்கவில்லை.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இட்டார். பன்னீர்செல்வம் பேனாவைப் பிடித்தார். தாளில் வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். பாப்பா எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. வெறுமனே நின்றாள். ஒவ்வொரு எழுத்தாக முழுப் பெயரையும் போட்டு முடித்தார்.

முப்பத்தொண்ணாம் தேதி மறுபடியும் பெரிய மழை பிடித்துக்கொண்டது. டாலிகஞ்சில் மெட்ரோ ஏறி சாந்தினியில் இறங்கி மேலே வந்தால் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். ஃபாரத்தை இரண்டு உறை போட்டுக் கட்டி பாப்பா ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இன்கம் டாக்ஸ் ஆபீஸ் வராந்தாவில் வரிசை படிக்கட்டைத் தாண்டி வாசல்வரை நின்றது. குடைகளிலிருந்து சொட்டிச் சொட்டித் தரையெல்லாம் குளம். கோட்டுப் போட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் நிறையப் பேர் இவர்களைப் போலத்தான். ஓய்வு பெற்றவர்கள், பட்டன் போன குடைக்காரர்கள், தனியாக வந்த விதவைகள். முன்னால் நின்ற வங்காளிப் பெரியவர் ஒருவர் தன் பையிலிருந்து பொரியும் வெங்காயமும் கலந்து எடுத்துத் தந்தார். அவருக்கும் டெலிபோன்தானாம். மகன் பெங்களூரில்.

"இத்தினி பேர் கீறாங்களே," என்றார் பன்னீர்செல்வம் மெதுவாக. வந்ததிலிருந்து அவர் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தாற்போல் இருந்தது. "ஒவ்வொர்த்தர் வூட்லயும் ஒரு ஃபோனு."

"ஒவ்வொர்த்தருக்கும் யாரோ பேசுவாங்க இல்ல," என்றாள் பாப்பா.

இரண்டரை மணி நேரம் கழித்து ஜன்னலுக்கு வந்தார்கள். உள்ளே பருத்திப் புடவை கட்டிய நடுவயதுப் பெண் ஒருத்தி, தண்ணீருக்குப் பயந்து கால்களை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாப்பா உறையைப் பிரித்து நீட்டினாள். ஃபாரம் லேசாகச் சூடாக இருந்தது. அந்தப் பெண் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பன்னீர்செல்வம் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"டெலிபோனுக்காக மட்டுமா, மேஷோமஷாய்?" என்று பெரியப்பா முறை வைத்து வங்காளியில் கேட்டாள். குரலில் அன்புதான் இருந்தது. "இந்த வயசில், இந்த மழையில், வருஷா வருஷம் வந்து நிற்கணுமே. ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்களேன். அடுத்த வருஷத்திலிருந்து இந்தத் தொல்லை இல்லை."

பாப்பா மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் எழுதி மடித்து வைத்த கடிதம் இன்னும் ஏதாவது ஒரு சட்டைப் பையில் இருக்கக்கூடும். அந்தப் பெண் சொன்னது அவர் சொன்னதேதான்.

"இல்லம்மா," என்றார் பன்னீர்செல்வம். முப்பத்தைந்து வருஷம் பேசியும் சீராகாத வங்காளியில் சொன்னார். "ஆமார் மேயேர் பாச்சா ஹோபே."

என் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. இரண்டு வருஷம் கழித்து அந்த வாயில் மகள் என்ற சொல் வந்தது. வேற்று மொழியில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம்.

"அடடே," என்றாள் அந்தப் பெண். "முதல் குழந்தையா?"

"ஆமாம், முதல்."

"அப்படியானால் ஃபோன் இருக்கட்டும். அடுத்த வருஷம் வரும்போது எனக்கு இனிப்பு வாங்கி வரணும்." ரசீதுத் துண்டைக் கிழித்து முத்திரை குத்தி நீட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து வராந்தா ஓரத்தில் ஒதுங்கினார்கள். மழை குறைவதாக இல்லை. பன்னீர்செல்வம் ரசீதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பாப்பாவிடமே கொடுத்தார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போடுவதுபோல் உதடு அசைந்தது.

"ஜல்பாய்குரிக்கு சியால்தாலருந்து வண்டி," என்றார். "சாயங்காலம் ஏறினா காலையில போயிடும். நாளைக்கே ரயில்வே பாஸ் எழுதி வாங்கிடறேன்."

பாப்பா ரசீதை மடித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசினால் நிறுத்திவிடுவாரோ என்று இருந்தது.

"தலைச்சன் பிள்ளைக்கு அம்மா வூட்டுக்குத்தான் இட்டுகினு வரணும். மழைக்காலம், அங்க ஆசுபத்திரி எப்டி கீதோ. அந்தப் பையன் வுடுவானா?"

"வுடுவாரு. நல்ல மாதிரிதாங்க."

"ஒனுக்கு எப்டித் தெரியும்?"

"கட்சீல ரெண்டு நிமிசம் அவரும் பேசுவாரு. 'மா'ன்னு கூப்ட்டு, மாங்கா ஊறுகா எப்டிப் போடறதுன்னு கேப்பாரு."

பன்னீர்செல்வத்தின் முகம் ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பை அடக்குவதுபோல் ஆயிற்று. தெருவில் ஒரு டிராம் தண்ணீரில் நின்றுபோயிருந்தது. சனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தார்கள். அதையே பார்த்தபடி அவர் சொன்னார்:

"பாஸ்ல நாம ரெண்டு பேரும் போலாம். வரும்போது அதுக்குத் தனியா டிக்கெட்டு எடுக்கணும். கட்டிக் குடுத்த பொண்ணு அப்பன் பாஸ்ல வர முடியாது. ரூலு."

ரயில்வே விதி என்னவோ பாப்பாவுக்குத் தெரியாது. அவர் அதைச் சொன்ன மாதிரிதான் அவள் காதில் நின்றது. ஓடிப்போன பொண்ணு என்று சொல்லவில்லை. கட்டிக் குடுத்த பொண்ணு என்றார்.

"கீழ் பெர்த்தாப் பாத்து எடுங்க," என்றாள். "வயித்துப் புள்ளக்காரி, ஏற முடியாது."

"அதெல்லாம் எனுக்குத் தெரியும். முப்பத்தஞ்சி வருசம் ரயில்வேல இன்னா பண்ணேன்?" என்றார் அவர். குடையை விரித்து அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.